எஞ்சின் ஏன் உடைந்தது?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கருத்து



பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது ‘மழைநீர் சேமிப்பு’, ‘காலத்தின் அருமை’ போன்ற தலைப்புகளை என் வகுப்புத் தோழியர் முந்திக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது எனக்குத் தெரிந்த ஒரே பொருள்தான். அது கார் எஞ்சின். ‘ஒரு பெண் பிள்ளை எழுதும் பொருளா இது?’ என்று சிலர் முகம் சுளிக்கலாம். பொறுமையுடன் சற்றுப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடைந்த எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுவதற்கு முன்னால், அது ஏன் உடைந்தது என்று திறந்து பார்த்தே ஆகவேண்டும். காலமும் பணமும் வீணாகின்றன என்று பிறர் சொன்னாலும் பார்க்க வேண்டும். பார்த்தால் நமக்கே அவமானம் வரும் என்று தெரிந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்தக் கருத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

என் தந்தை செங்கற்பட்டில் சிறிய மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். சித்தப்பாவும் மூன்று பையன்களும் உடன் வேலை செய்கிறார்கள். சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றுபோன கார் ஒன்றை, திருக்கழுக்குன்றம் வழியாகக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். சாலை நெடுக எண்ணெய் ஒழுகிக்கொண்டே வந்ததாம். குனிந்து பார்த்தால் எஞ்சினின் பக்கவாட்டில் என் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளேயிருந்த கனெக்டிங் ராடு முறிந்து, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. “ராடு வெளிய வந்துடுச்சுண்ணே” என்று எங்கள் பையன் ஒருவன் சொன்ன குரல், யாரோ இறந்துபோனதைச் சொல்வதுபோல இருந்தது.

அது சாதாரணக் கார் அன்று. 2 லிட்டர் டர்போ எஞ்சின். நம் வீடுகளில் இருக்கும் சிறு கார்கள் 80, 90 குதிரைத்திறன் தருமென்றால் இது 200-க்கும் மேல் தரும். அதுவும் போதாதென்று உரிமையாளரான இளைஞர், எஞ்சினை ஆளும் கணினியில் மாற்றம் செய்து சக்தியை இன்னும் கூட்டியிருந்தார். ஆண்டுக்கு ஓரிரு முறை ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுவார். அந்தத் தடம் 1990-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர் இருக்கும். அதற்கு முன்பெல்லாம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் சென்னைக் கார் பந்தயங்கள் நடக்கும். தாத்தா அங்கே வேலிக்கு வெளியே நின்று புழுதி குடித்த கதையை நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

விலையுயர்ந்த கார் ஆயிற்றே, எங்கள் பட்டறைக்கு ஏன் வந்தது என்று கேட்பீர்கள். முந்தைய ஆண்டு அதன் அடியில் எண்ணெய் கசிந்தபோது எங்களிடம்தான் சரிசெய்துகொண்டு போனார். அந்த நம்பிக்கையில்தான் இப்போதும் வந்தார். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் முழுவதையும் புதிதாக மாற்றுவதுதான் வழி என்று வேறிடத்தில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன தொகையில் ஒரு சிறு கார் வாங்கிவிடலாம். சித்தப்பா வேறு யோசனை சொன்னார். சென்னைப் புதுப்பேட்டையில் விபத்துக்குள்ளான கார்களின் உதிரிகள் கிடைக்கும். அங்கிருந்து அதே வகை எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். பழையதை எடைக்குப் போட்டுவிடலாம். அப்பாவோ, “மொதல்ல தொறந்து பாக்குறேன் தம்பி. அப்புறம் சொல்றேன்” என்று அந்த இளைஞரிடம் சொல்லிவிட்டார்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதை நம் வகுப்பில் படிக்கும் அளவுக்கேனும் இங்கே சொல்ல வேண்டும். பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அதைக் கனெக்டிங் ராடு கிராங்க் தண்டுடன் இணைத்து, அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக்குகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 200 முறை நின்று திரும்புகிறது. ‘இயக்க விதிகள்’ பாடத்தில் நிலைமம் என்று எளிதாக எழுதிவிடுகிறோமே, அந்த நிலைமம் ஒவ்வொரு முறையும் ராடைப் பிய்த்து எடுக்கப் பார்க்கிறது. ராடும் தண்டும் சேரும் இடத்தில் இரும்பும் இரும்பும் உரசுவதில்லை. நடுவே பேரிங் ஷெல் என்னும் மெல்லிய தகடு உண்டு. தகட்டுக்கும் தண்டுக்கும் இடையில் நம் தலைமுடியின் பருமன்கூட இல்லாத இடைவெளி. அதில் எண்ணெய் ஒரு படலமாக நிற்கிறது. அத்தனை பாரத்தையும் தாங்குவது அந்தப் படலம்தான். அது ஒரு சில நொடி இல்லாமற்போனால் தகடு சூடேறி, உருகி, தண்டோடு ஒட்டிச் சுழலும். ‘டக் டக்’ என்று தட்டும். அப்புறம் ராடு முறியும்.

ஆகவே ராடு முறிந்தது நோயன்று, நோயின் கடைசிக் கட்டம். எண்ணெய் ஏன் போகவில்லை என்பதே கேள்வி. வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவருக்குச் சொன்ன அறிவுரை மோட்டார் பட்டறைக்கும் பொருந்தும் என்று எங்கள் தமிழாசிரியை ஒப்புக்கொள்வார் என நம்புகிறேன்.

மூன்றாம் நாள் அடித்தொட்டியை, அதாவது சம்ப்பை, இறக்கினார்கள். எண்ணெயில் பேரிங் துகள் மினுமினுவென்று மிதந்தது. பார்ப்பதற்குப் புடவைச் சரிகை போல அழகாக இருந்தது என்று நான் சொல்ல, அப்பா முறைத்தார். பட்டறையில் எனக்கு அனுமதிக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று. கழற்றிய சிறு பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாக வைக்க வேண்டும். (அதற்கும் அம்மாவின் எதிர்ப்பு உண்டு. ‘நகமெல்லாம் கறுத்துப்போனா நாளைக்கு யாரு...’ என்று தொடங்கும் அந்த வாக்கியத்தைத் தோழியர் தாங்களே முடித்துக்கொள்ளலாம்.) ஆயில் பம்ப் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை இருக்கும். ஸ்ட்ரெய்னர் என்பார்கள். அதைக் கழுவும்போது வலை முழுவதும் ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்தேன். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், புழுவைப்போல நீல நிறத் துண்டுகள். ரப்பர் போலத் தோன்றியது.

“அப்பா, இது என்ன?” என்று கேட்டேன்.

அப்பா அதை விரலில் உருட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து, சம்ப் ஒட்டுவதற்கு நாங்கள் பயன்படுத்தும் சிலிக்கான் பசைக் குழாயை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே நீலம்.

முந்தைய ஆண்டு கசிவை அடைத்தபோது எங்கள் பட்டறையில் பசையை அதிகமாக வைத்துவிட்டார்கள். போல்ட் முறுக்கும்போது, பற்பசைக் குழாயை அமுக்கினால் வெளிவருவதுபோல, மிகுந்த பசை உட்பக்கமும் பிதுங்கியிருக்கிறது. வெளியே பிதுங்கியதைத் துடைத்தார்கள். உள்ளே பிதுங்கியதை யார் பார்த்தார்கள்? அது காய்ந்து ரப்பராகி, சூட்டில் துண்டு துண்டாக உதிர்ந்து, எண்ணெயோடு போய் வலையை அடைத்துவிட்டது. வலை அடைபட்டதால் பம்புக்கு எண்ணெய் போதவில்லை.

அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சித்தப்பா சொன்னதை இங்கே நேர்மையாக எழுத வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். எனக்கு மிதிவண்டி கற்றுக்கொடுத்தவர் அவர்தான். “அண்ணே, நமக்கு மட்டுந்தானே தெரியும். புதுப்பேட்டை எஞ்சினை மாட்டிக் குடுத்துட்டா அந்தத் தம்பி சந்தோஷமாப் போயிடுவாரு. இதைச் சொன்னா நாளைக்கு ஊர்ல ஒருத்தன் வண்டி விடுவானா? மூணு பசங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்குறது?” என்றார். இதற்கு அப்பாவிடம் உடனடி விடை இல்லை. எனக்கும் அப்போது இல்லை. மேலும் குற்றம் முழுவதும் எங்களுடையது என்றும் சொல்ல முடியாது. சக்தியைக் கூட்டியதால் பேரிங் ஏற்கனவே தன் எல்லையில் இருந்தது. எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்த பிறகும் அந்த இளைஞர் பாட்டுக் கேட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கிறார். விளக்கு எரிந்தவுடன் நிறுத்தியிருந்தால் ராடாவது பிழைத்திருக்கும். அப்பா ஒரு தாளில் மூன்று காரணங்களையும் எழுதினார். எங்கள் காரணத்தை முதலில் எழுதினார்.

காலையில் அவரைத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, நேர்ல வாங்க. ஒண்ணு காட்டணும்” என்றார்.

அவர் வந்தார், கோபப்பட்டார். நான் உள்ளே போய்விட்டதால் என்ன பேசினார் என்பது தெரியாது. குரல் மட்டும் கேட்டது. அரைமணி கழித்து எட்டிப் பார்த்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்து, அந்த வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை எங்களிடமே விட்டுப் போனார். கூலி வாங்குவதில்லை, உதிரிகளில் பாதிச் செலவு எங்களுடையது என்று முடிவாயிற்று. மொட்டை மாடியில் நான் படிப்பதற்கென்று ஓர் அறை போடச் சேர்த்த சீட்டுப் பணம் அதில் போயிற்று. பொதுத்தேர்வுக்கு நான் இன்றும் கூடத்தில், தொலைக்காட்சித் தொடர்களுக்கு நடுவேதான் படிக்கிறேன். அப்பா செய்தது சரி என்று எழுதும்போதே அந்த அறையை நினைத்துக்கொள்கிறேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

சித்தப்பாவின் கேள்விக்கு விடை ஒரு வாரத்தில் கிடைத்தது. அதே பசையால் அதே கைகள் அந்த ஆண்டில் இன்னும் ஐந்து வண்டிகளுக்குச் சம்ப் ஒட்டியிருந்தன. அப்பா கணக்குப் புத்தகத்தைப் புரட்டி, ஐந்து பேரையும் வரவழைத்தார். நான்கில் ஒன்றுமில்லை. ஐந்தாவது, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன். அதன் வலையில் பாதி அடைத்திருந்தது. அதைக் கழற்றியவர் சித்தப்பாதான். அப்புறம் அவர் இதைப்பற்றி எதுவும் பேசவில்லை. இப்போது பட்டறையில் யார் சம்ப் ஒட்டினாலும் பசையை மெல்லிய கோடாகத்தான் வைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்ப்பவரும் அவரே.

நாங்கள் திறந்து பார்க்காமல் புதுப்பேட்டை எஞ்சினை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த எஞ்சினுக்கும் சம்ப்பை நாங்கள்தானே ஒட்டியிருப்போம்!

மறுபடி கட்டும் வேலை ஏழு வாரம் நடந்தது. ஓட்டை விழுந்த பிளாக் அலுமினியம். ஒட்டவைக்கலாம் என்பாரும் உண்டு. இத்தனை சக்தியுள்ள எஞ்சினுக்கு அது கூடாது என்று அப்பா மறுத்துவிட்டார். பிளாக்கும் கிராங்கும் மட்டும் புதுப்பேட்டையிலிருந்து வந்தன. (எஞ்சின் எண் பிளாக்கில் இருப்பதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றையும் திருத்தி வாங்கவேண்டியிருந்தது. அந்த அலைச்சல் தனிக் கட்டுரை.) பழைய கிராங்க் சூட்டில் நீலம் பாய்ந்து கெட்டுவிட்டது. நான்கு ராடுகளும் அவற்றின் போல்ட்டுகளும் புதியவை. அந்த போல்ட்டுகள் முறுக்கும்போது சற்றே நீளும்படி செய்யப்பட்டவை. ஒருமுறை நீண்டதை மறுமுறை நம்பக்கூடாது. ஹெட் மட்டும் பழையது. அதன் வால்வுகள் நன்றாக இருந்தன.

எனக்கு வியப்பைத் தந்தது ஆயில் கூலர். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எஞ்சின் உடையும்போது துகள்களெல்லாம் எண்ணெயோடு ஓடி, அதன் நுண்ணிய பாதைகளில் ஒளிந்துகொள்கின்றன. எத்தனை கழுவினாலும் சில தங்கிவிடும். புது எஞ்சினில் பழைய கூலரை மாட்டினால் முதல் நாளே அவை புறப்பட்டுப் புது பேரிங்கைத் தின்றுவிடும். ‘புதுசா கட்டின எஞ்சின் ஒரு மாசம் தாங்கலையே’ என்று பலர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார் அப்பா. ஆகவே கூலர் எடைக்குப் போயிற்று. டர்போவின் சுழலும் பாகமும் அப்படியே. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற அதுவும் அதே எண்ணெயில்தான் உயிர் வாழ்கிறது.

பேரிங் இடைவெளியை அளப்பதற்கு ஒரு வேடிக்கையான முறை உண்டு. பிளாஸ்டிகேஜ் என்று மெழுகு நூல் போன்ற ஒன்றைத் தண்டின்மேல் வைத்து, மூடியை அளவாக முறுக்கி, மீண்டும் கழற்றிப் பார்க்க வேண்டும். நூல் எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறதோ அதை அட்டையிலுள்ள கோடுகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். அட்டையைப் படித்து எண்ணைச் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தது. கழுவும் வேலையிலிருந்து எனக்குப் பதவி உயர்வு! அப்பாவின் கண்ணாடி எண் கூடிவிட்டதும் அதற்கொரு காரணம் என்பதை அறிவேன்.

கடைசி நாள். உடனே சாவியைத் திருகிவிடவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சுற்றவிட்டார்கள். தனியாக மாட்டிய அழுத்தமானியில் முள் அசைகிறதா என்று ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் முறை அசையவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை நடுங்கிக்கொண்டே எழுந்தது. அதன் பிறகுதான் பிளக்கை மாட்டி உயிர் கொடுத்தார்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் எண்ணெயை மாற்றி, கழற்றிய ஃபில்டரை வாளால் அறுத்து, உள்ளிருந்த காகித மடிப்பை விரித்து, மினுமினுப்பு ஏதும் உண்டா என்று பார்த்தார் அப்பா. இல்லை.

இது எங்கள் பட்டறையின் சிறிய கதை. பெரிய இடத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்பதை நூலகத்தில் தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களில் மெர்லின் என்னும் எஞ்சின் இருந்தது. விமானம் திடீரென்று மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால் எஞ்சின் அடங்கிவிடும். எதிரியின் எஞ்சினில் எரிபொருளைப் பீய்ச்சும் முறை இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை. வேறு எஞ்சின் செய்துகொண்டிருக்கப் போர் காத்திருக்குமா? ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் அந்தத் தடுமாற்றத்தைக் கூர்ந்து ஆராய்ந்தார். முதல் நொடி எரிபொருள் இல்லாமல் திணறுகிற எஞ்சின், அடுத்து அளவுக்கு மிஞ்சிய எரிபொருள் வெள்ளமாகப் புகுந்து மூச்சடைத்துப் போகிறது என்று கண்டார். நடுவில் துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் தடையைக் குழாயில் பொருத்தி, எஞ்சினுக்குத் தேவையானதற்கு மேல் எரிபொருள் போகாமல் செய்தார். 1941-இன் தொடக்கத்தில் தம் குழுவினருடன் விமானத் தளம் தளமாகச் சென்று அதைப் பொருத்தினார். காசளவு உலோகத் துண்டு! காரணம் தெரிந்ததால்தான் அவ்வளவு சிறியது போதுமாயிருந்தது. இதே அம்மையார் 1934-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றவர். அவருடைய நகங்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

பழைய எஞ்சினைக் குப்பை என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 1983-இல் நெல்சன் பிக்கே உலகக் கார் பந்தயப் பட்டத்தை வென்ற பிரபாம் காரில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சின் இருந்தது. 600 குதிரைத்திறனுக்கு மேல் தந்த அந்த எஞ்சினின் அடிப்படை, 1960-களில் வடிவமைத்த சாதாரண ஊர்க் காரின் இரும்பு பிளாக். தொடக்கத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய கார்களின் பிளாக்குகளைத் தேடி எடுத்துப் பயன்படுத்தினார்கள். பலமுறை சூடாகிக் குளிர்ந்து, உள்ளிருந்த இழுவிசையெல்லாம் அடங்கிப்போன இரும்பு, புதியதைவிட நன்றாகத் தாங்கும் என்பது அவர்கள் அனுபவம்.

அந்த நிறுவனத்தின் கார்கள் 2007 முதல் எங்கே பூட்டப்படுகின்றன தெரியுமா? சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்தில், நம் செங்கற்பட்டு மாவட்டத்தில்தான். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது என் தோழியர் சிலரின் தந்தையர் வேலையிழந்தனர். அதே இடத்தில் மீண்டும் எஞ்சின்கள் செய்ய 2025-இல் தமிழக அரசுடன் ஒப்பந்தமாகியிருக்கிறது. எஞ்சின்கள் சூழ்ந்த ஊரில் இருக்கிறோம். ஆனால் நம்முள் எத்தனை பேர் ஓர் எஞ்சினின் உள்ளே பார்த்திருக்கிறோம்?

தோழியரே, திறந்து பார்க்க அஞ்சுவது பட்டறையில் மட்டும் நடப்பதன்று. அரையாண்டுத் தேர்வின் கணித விடைத்தாள் வந்த அன்று நான் என்ன செய்தேன்? மேல் மூலையிலிருந்த மதிப்பெண்ணைப் பார்த்தேன். நான்காக மடித்தேன். பைக்குள் திணித்தேன். வீட்டில் உடனே புதிதாக ஒரு டியூஷன் ஏற்பாடாயிற்று. அதுவும் புதுப்பேட்டை எஞ்சின்தான்! இரு வாரம் கழித்து, அந்த நீலப் பசை நினைவுக்கு வந்து விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தேன். முக்கோணவியல் எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஐந்து கணக்குகளில் கழித்தல் குறியை அடுத்த வரிக்கு எடுத்துப் போக மறந்திருக்கிறேன். டியூஷன் ஆசிரியர் அன்றுவரை எனக்கு முக்கோணவியலை இரண்டாம் முறை நடத்திக்கொண்டிருந்தார், பாவம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மதிப்பெண் குறைந்தால் திட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் திட்டு பலமாக இருக்கும் வீட்டில் விடைத்தாள் மடித்தே இருக்கும். அப்பா அன்று பசைக் குழாயை எடுத்து வைத்தபோது, பசை வைத்தது எந்தப் பையன் என்று கேட்கவேயில்லை. கேட்டிருந்தால், அடுத்த முறை வலையைக் கழுவுகிறவன் நீலத் துண்டைச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்திருப்பான்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் சேர வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவும் பாட்டியும் ஒப்பவில்லை. அப்பாகூட, பட்டறை பெண்களுக்கு ஏற்ற இடமன்று என்றுதான் சொல்கிறார்; பிளாஸ்டிகேஜ் அட்டையை மட்டும் என்னிடம் நீட்டுகிறார்! 1940-களிலேயே கிண்டி பொறியியல் கல்லூரியில் லலிதா, திரேசியா, லீலாம்மா என மூன்று பெண்கள் படித்துப் பட்டம் பெற்றார்கள். அவர்களில் பி.கே. திரேசியா பிற்காலத்தில் கேரளத்தின் தலைமைப் பொறியாளராகவே உயர்ந்தார். அவர்கள் வீட்டிலும் பாட்டிகள் இருந்திருப்பார்கள் அல்லவா?

அருட்சகோதரியருக்கு ஒரு வேண்டுகோளுடன் நிறுத்திக்கொள்கிறேன். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2018-இல், மாணவர்கள் கழற்றிப் பூட்டிப் பழகுவதற்காக நாட்டிலுள்ள பொறியியல் கல்லூரிகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் 365 எஞ்சின்களை இலவசமாகத் தரும் திட்டத்தை அறிவித்தது. மகளிர் உயர்நிலைப் பள்ளிகளை யாரும் நினைக்கவில்லை. ஆயினும் நமக்குப் புதிய எஞ்சின் தேவையில்லை. ஓட்டை விழுந்த அந்த பிளாக், முறிந்த ராடு, அடைபட்ட வலை மூன்றும் எங்கள் பட்டறையின் வேப்பமரத்தடியில் சாக்குப் போட்டு மூடியபடி இருக்கின்றன. காரின் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கூர்மையான ஓரங்களைத் தேய்த்துத் தர அப்பா சம்மதித்திருக்கிறார். சித்தப்பா வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். அறிவியல் ஆய்வகத்தில் சன்னலோர மேசை காலியாகத்தான் இருக்கிறது. எடை 30 கிலோ இருக்கும். மாடிப்படி ஏற்ற எங்கள் வகுப்பில் நால்வர் தயாராக இருக்கிறோம்.